இரண்டு கோர் சுவிட்சுகளை இணைப்பது எப்படி: ஸ்பானிங் ட்ரீ, ஸ்டாக்கிங், எம்லாக்

அலுவலக நெட்வொர்க்கின் நடுவில், மற்ற சுவிட்சுகள் எல்லாம் வந்து சேரும் கோர் சுவிட்ச் ஒன்றே ஒன்று இருந்தால், அது பழுதாகும்போது கட்டடத்தின் எல்லாத் தளங்களும் சேர்ந்தே முடங்கும் என்பதால்தான் இரண்டாவதை வாங்குகிறோம். அந்த இரண்டையும் எந்த முறையில் இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்தச் செலவின் பலன் அமைகிறது.

ஈதர்நெட் ஃபிரேமுக்கு, அதாவது நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டுக்கு, ஆயுள் வரம்பு கிடையாது. கேபிள்கள் வளையமாகிவிட்டால் எல்லாக் கருவிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் ஓயாமல் சுற்றிப் பெருகும். ரேடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ, கூடுதல் பாதையை அடைத்துவைத்து, நடப்புப் பாதை அறுந்தால் மட்டுமே அதைத் திறக்கிறது. பழைய வடிவத்தில் இதற்கு 30 முதல் 50 விநாடி ஆகும். 2001இல் வந்த ரேப்பிட் வடிவம் பெரும்பாலும் ஓரிரு விநாடிகளில் முடித்துவிடும். எந்த நிறுவனத்தின் சுவிட்சோடும் ஒத்துப்போவது இதன் பலம். ஆனால் 10 ஜிகாபிட் இணைப்புகள் இரண்டு போட்டாலும், சாதாரண அமைப்பில் ஒன்று சும்மா கிடக்கும்.

ஸ்டாக்கிங்கில் இரண்டு சுவிட்சுகளும் ஒன்றாகவே இயங்குகின்றன. ஒரே ஐபி, ஒரே கான்ஃபிகரேஷன், இரண்டு இணைப்புகளும் பயன்பாட்டில். நிர்வகிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் கட்டுப்பாடு ஓரிடத்தில் குவிவதால், மென்பொருள் பிழை ஒன்று இரண்டையும் சேர்த்தே வீழ்த்தக்கூடும். ஃபர்ம்வேரை (சுவிட்சின் உள் மென்பொருளை) மாற்றும்போது பல மாடல்களில் முழு ஸ்டாக்கும் ரீபூட் ஆகும். கோர் அடுக்கில் இதை நான் ஏற்கமாட்டேன்.

எம்லாக் (MLAG) முறையில், அதாவது இரண்டு சுவிட்சுகளுக்குப் போகும் இணைப்புகளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறையில், இரண்டும் தனித்தனியே சிந்திக்கின்றன. கீழுள்ள சுவிட்சுக்கு மட்டும் ஒன்றாகத் தெரிகின்றன. ஆகவே ஒன்றை நிறுத்திப் புதுப்பிக்கும்போது மற்றது வேலையைத் தாங்கும். பதிலுக்கு, இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கவேண்டும். நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் விலான் அமைப்புகளை இரண்டிலும் பிசகாமல் பொருத்தவேண்டும். இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால் ஒவ்வொன்றும் தன்னையே தலைமை என்று கருதாமலிருக்க, மற்றது இயங்குகிறதா என்று பார்க்கும் தனியொரு கீப்அலைவ் இணைப்பும் வேண்டும். ஸ்டாக்கிங்கிலும் எம்லாகிலும், ஒரு தனிக் கோப்புப் பரிமாற்றம் ஒரே இணைப்பில்தான் செல்லும் என்பதால் அதன் வேகம் 10 ஜிகாபிட்டைத் தாண்டாது.

எனவே கோரில் எம்லாக், தளங்களில் கணினிகள் நேரடியாக இணையும் ஆக்சஸ் சுவிட்சுகளில் ஸ்டாக்கிங் என்பதே என் பரிந்துரை. ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீயை எங்கும் அணைக்கவேண்டாம்: மேசைக்கடியில் ஒருவர் ஒரே கேபிளின் இரு முனைகளையும் சுவர் போர்ட்டுகளில் செருகும் நாளில் அதுவே காக்கும். கோர் சுவிட்சுகள் இரண்டையும் வெவ்வேறு யுபிஎஸ்களில் இணையுங்கள்.