பிஎம்டபிள்யூ ஈ30 325ஐ: பதினோரு வருஷம் வச்சிருந்ததுக்கு அப்புறம் ஒரு ரிவ்யூ

இந்த காரோட டிக்கிய தொறந்தீங்கன்னா மூடியோட உள்பக்கம் ஒரு தட்டு இருக்கும். திருகை தளத்தினா அப்படியே கீழ சாயும், உள்ள ஸ்பானர், கொறடு, ஸ்க்ரூ டிரைவர், பிளக் கழட்டுற டூல்னு ஒவ்வொண்ணும் அதுக்குன்னு வெட்டின பள்ளத்துல படுத்திருக்கும். கம்பெனியே "உன் வண்டிய நீயே பாத்துக்கப்பா"ன்னு சொல்லி கையில குடுத்த மாதிரி. நான் வாங்கினப்போ அந்த தட்டுல ஒரே ஒரு சாமான் தான் இருந்துச்சு, அதுவும் வேற ஏதோ காரோட வீல் ஸ்பானர். அன்னைக்கே எனக்கு உஷார் வந்திருக்கணும், வரல.

என்னோடது 1989 மாடல், ரெண்டு கதவு, அஞ்சு கியர் மேனுவல். ஈ30ன்னு சொல்றது 1982ல இருந்து 90களோட ஆரம்பம் வரைக்கும் வந்த 3 சீரிஸ், அதுல 325ஐக்கு எம்20ன்னு ஒரு என்ஜின், 2,494 சிசி, வரிசையா ஆறு சிலிண்டர், கேட்டலிஸ்ட் (புகையை சுத்தம் பண்ற கருவி) இல்லாத வண்டில 171 குதிரை. இன்னைக்கு சாதாரண குடும்ப கார்லயே அவ்வளவு பவர் வருதேன்னு கேப்பீங்க. வருது, ஆனா இது சுமார் 1,200 கிலோ தான், அப்புறம் அந்த ஆறு சிலிண்டர் 4,000 ஆர்பிஎம்மை தாண்டி மேல ஏறும்போது ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்காகவே பதினோரு வருஷம் கையெல்லாம் கிரீஸோட திரிஞ்சேன்னு வச்சுக்கோங்க.

ஸ்டார் கேக்குறவங்களுக்கு: சும்மா வச்சு ஓட்டுறதுக்கு அஞ்சு, பிரிச்சு மேய்றதுக்கு மூணு, டிராக்ல ஓட்டுறதுக்கு நாலு. ஆனா உண்மைய சொல்லணும்னா நான் இங்க ரிவ்யூ பண்ணப்போறது காரை இல்ல, எனக்கு முன்னாடி அதை வச்சிருந்த நாலு பேரை. இந்த வயசுல வர்ற எந்த வண்டிலயும் கம்பெனி செஞ்ச தப்பை விட ஓனர் செஞ்ச வேலை தான் அதிகம் இருக்கும்.

முதல் உதாரணம் டைமிங் பெல்ட், வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்குறது. எம்20ல செயின் கிடையாது, ரப்பர் பெல்ட் தான். அது அறுந்துச்சுன்னா வால்வு அப்படியே பிஸ்டன்ல போய் முட்டும், ஹெட்டை (என்ஜினோட மேல் பகுதி) எறக்காம தப்பிக்க முடியாது. அதனால எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு மட்டும் இல்ல, எத்தனை வருஷம் ஆச்சுன்னும் கணக்கு வச்சு மாத்தணும், நாலு வருஷம்னு பொதுவா சொல்லுவாங்க. வித்தவரு "போன வருஷம் தான் பெல்ட் போட்டேன்"னு அடிச்சு சொன்னாரு. கவரை கழட்டி பாத்தா பெல்ட் மேல அச்சடிச்ச எழுத்தே தேஞ்சு போயி, பல்லுக்கு நடுவுல முடி மாதிரி வெடிப்பு. அன்னைக்கு நைட்டு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்த நூத்தி சொச்சம் கிலோமீட்டரை நெனச்சா இப்பவும் வயித்தை கலக்குது. வாங்குறவங்க யாரு என்ன சொன்னாலும் சரி, வந்த முதல் வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணையும் சேர்த்து மாத்திடுங்க, பம்பை கழட்டணும்னா எப்படியும் பெல்ட்டை தொட்டு தான் ஆகணும், ரெண்டு தடவை ஏன் பிரிக்கணும். கூலன்ட் ஊத்தும்போது மூக்கை கொஞ்சம் தூக்கி நிறுத்தி தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல இருக்குற ஸ்க்ரூவை தளத்தி காத்தை எடுங்க, இல்லன்னா காத்து உள்ள நின்னு ஹீட் ஆகும், அப்புறம் ஹெட் விரிசல் விட்டா என்னை திட்டாதீங்க.

ஓடோமீட்டரை நம்பவே நம்பாதீங்க. உள்ள இருக்குற குட்டி பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைஞ்சு எத்தனையோ வண்டில எண் அப்படியே நின்னு போயிருக்கும், ஸ்பீடோமீட்டர் மட்டும் ஜம்முனு வேலை செய்யும். என் வண்டில எத்தனை வருஷம் நின்னு கிடந்துச்சுன்னு கடவுளுக்கு தான் வெளிச்சம்.

இந்த காரை நான் காதலிக்க ஆரம்பிச்சது ஓட்டும்போது இல்ல, டாப்பெட் (வால்வுக்கும் அதை அமுக்குற ராக்கர்ங்கற கைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) செட் பண்ணும்போது. கேக்க லூசு மாதிரி இருக்கும். வால்வு கவரை எடுத்தா பன்னெண்டு ராக்கரும் கண்ணு முன்னாடி, ஒவ்வொண்ணோட நுனிலயும் ஒரு குட்டி வட்டத் தகடு, மையம் விலகின துளையோட, அதை ஒரு 10 எம்எம் நட்டு புடிச்சிருக்கும். நட்டை லேசா தளத்தி, அந்த தகட்டுல இருக்குற ஓட்டைல வளைச்ச கம்பிய விட்டு (நான் சைக்கிள் ஸ்போக்ஸை வளைச்சு வச்சிருக்கேன், இதை விட நல்ல டூல் இதுவரைக்கும் கிடைக்கல) நூல் அளவு திருப்பணும், 0.25 எம்எம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) உள்ள போயி மெல்ல இழுத்துப் பிடிக்கணும், வெண்ணெய்ல கத்தி போற மாதிரி வழுக்கக் கூடாது, அடைச்சுக்கவும் கூடாது. என்ஜின் ஜில்லுனு இருக்கும்போது தான் இந்த அளவு. நட்டை இறுக்கின உடனே தகடு துளி நகந்து அளவு மாறிடும், திரும்பவும் முதல்ல இருந்து. மொத தடவை எனக்கு ஆறு மணி நேரம் ஆச்சு, இப்போ ஒண்ணரை மணி நேரம். முடிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணா அந்த கடகட சத்தம் போயி தையல் மெஷின் மாதிரி ஒரே சீரா ஓடும், அந்த ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு முதுகு வலியும் தகும்.

அடுத்து துரு. இங்க தான் மூணாவது ஓனர் என் வாழ்க்கைல வர்றாரு. ஈ30ல துரு புடிக்கிற இடம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான், ஜாக்கி போடுற இடம், பின்னாடி வீல் ஆர்ச், சன்ரூஃப் ஓரம், முன்னாடி கண்ணாடிக்கு கீழ தண்ணி வடியுற பள்ளம், டிக்கில பேட்டரி உக்காருற தட்டு. காந்தத்தை ஒரு துணில சுத்திகிட்டு போயி ஒவ்வொரு இடமா வச்சு பாருங்க, ஒட்டலன்னா உள்ள பட்டி (ஓட்டையை மறைக்க பூசுறது). நான் காந்தம் எடுத்துட்டு தான் போனேன், ஆனா பேட்டரிய கழட்டி பாக்க கூச்சப்பட்டேன். வீட்டுக்கு வந்து கழட்டினா கருப்பா தார் மாதிரி ஏதோ பூசியிருக்கு, ஸ்க்ரூ டிரைவரால குத்தினேன், டிரைவர் பாதி உள்ள போச்சு, சுரண்ட சுரண்ட பட்டி, அதுக்கு கீழ கொசுவலை மாதிரி கம்பி வலை, அதுக்கும் கீழ தரை தெரியுது. தகடு வெட்டி வெல்டு வச்சா ஒரு நாள் வேலை. அதை மறைக்க அந்த மனுஷன் கண்டிப்பா ரெண்டு நாள் உழைச்சிருப்பாரு, அது தான் எனக்கு புரியவே இல்ல.

டிங்கரிங்கும் பெயின்ட்டும் வெளிய குடுத்தேன், மூணு மாசம்னு சொன்னாங்க, பதினாலு மாசம் ஆச்சு. கடை பேரு வேண்டாம். பெயின்ட் நல்லா தான் வந்துச்சு, ஆனா கழட்டின போல்ட் எல்லாம் ஒரே டப்பால கலந்து திரும்பி வந்துச்சு, எது எந்த இடத்துதுன்னு தேடியே ரெண்டு மாசம் போச்சு. யார்கிட்ட குடுத்தாலும் சரி, குடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே கழட்டி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பேரு எழுதி, போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

பார்ட்ஸ் விஷயத்துல கம்பெனிய பாராட்டியே ஆகணும். பழைய வண்டிகளுக்கு சாமான் குடுக்கவே பிஎம்டபிள்யூ குரூப் கிளாசிக்னு தனி பிரிவு வச்சிருக்காங்க. ஒவ்வொரு சாமானுக்கும் 11 இலக்க நம்பர், அதுல முதல் ரெண்டு எண் எந்த குரூப்னு சொல்லிடும், 11 என்ஜின், 31 முன் ஆக்சில், 33 பின் ஆக்சில், 34 பிரேக், இப்படி. ரெண்டு வருஷத்துல இது மனப்பாடம் ஆயிடும், என் வீட்டுக்காரி பிறந்தநாளை மறந்தாலும் லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன்ல வர்ற ரப்பர்) நம்பர் மறக்காது (அவளே சொன்னது தான், கோவமா). இன்னொரு விஷயம், கம்பெனி டப்பால வர்ற சஸ்பென்ஷன் சாமான் நிறைய லெம்ஃபோர்டர்ங்கற கம்பெனி செஞ்சது, அதே சாமானை அவங்க டப்பால வாங்கினா பிஎம்டபிள்யூ முத்திரைய ராவி எடுத்திருப்பாங்க, அவ்வளவு தான் வித்தியாசம். பேரு தெரியாத புஷ் மட்டும் வாங்காதீங்க, நான் வாங்கி ஒரே வருஷத்துல கிழிஞ்சுது. என்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் சாமானுக்கு பிரச்சனை இல்ல. உள் அலங்காரம் தான் பாடா படுத்தும், வெடிக்காத டேஷ்போர்டு கிடைச்சா யோசிக்காம வாங்கி வச்சுக்கோங்க, உங்களோடது இன்னும் வெடிக்கலன்னாலும்.

"இது எம்3யா?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரே பதில், இல்ல. எம்3ங்கறது இதே ஈ30ல ரேஸுக்காகவே பொறந்த மாடல், குரூப் ஏங்கற ரேஸ் பிரிவோட ரூல்படி 5,000 வண்டி தயாரிச்சு வித்தா தான் ரேஸ்ல விடுவாங்கன்னு சொன்னதால ரோட்டுக்கு வந்தது. என்ஜின் நாலு சிலிண்டர் எஸ்14, மட்கார்டு வேற, பின் கண்ணாடியோட சாய்வு வேற, டிக்கி மூடி வேற, வீல் போல்ட் கூட நாலுக்கு பதிலா அஞ்சு. 1987ல ராபர்ட்டோ ரவாலியா அதுல தான் உலக டூரிங் கார் சாம்பியன் ஆனாரு. அதெல்லாம் பெரிய இடம், இன்னைக்கு அதை டிராக்ல விட மனசும் வராது. 325ஐய தாராளமா விடலாம், அது தான் இதோட பெருமை.

டிராக்னு வந்துட்டா முதல்ல தெரியுறது ஸ்டியரிங். ஒரு கோடியில இருந்து மறு கோடிக்கு ஏறக்குறைய நாலு சுத்து, கிணத்துல தண்ணி இறைக்குற மாதிரி சுத்திட்டே இருக்கணும். ரோட்டுல பரவால்ல, ஆனா பின்னாடி செமி டிரெய்லிங் ஆர்ம் (பின் வீலை புடிச்சிருக்குற சாய்வான சஸ்பென்ஷன் கை) இருக்கே, வளைவு நடுவுல பயந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா பாரம் முன்னாடி போயி பின் வீலோட கோணமே மாறி வால் சட்டுனு வெளிய போகும், அப்போ இந்த நாலு சுத்து ஸ்டியரிங்கை வச்சு எங்க புடிக்கிறது. என் முதல் டிராக் நாள்ல மூணாவது லேப்லயே ஒரு முழு பம்பரம், நின்னப்போ பின்னாடி வந்த காரோட டிரைவரை நேருக்கு நேர் பாத்துட்டு இருந்தேன். பாடம் என்னன்னா பயம் வந்தாலும் காலை எடுக்காத, வேகத்தை எல்லாம் வளைவுக்கு முன்னாடியே குறைச்சுக்கோ. அதுக்கப்புறம் பிஎம்டபிள்யூவோட இன்னொரு மாடலான இசட்3யோட ஸ்டியரிங் ரேக் மாத்தினேன், மூணு சுத்துக்கும் கம்மி, கார் ஏதோ பத்து வயசு குறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. காசு செலவு பண்றதா இருந்தா பவருக்கு பண்ணாதீங்க, இதுக்கும் பிரேக் ஆயிலுக்கும் பேடுக்கும் பண்ணுங்க. கம்பெனி பேடு அஞ்சாவது லேப்ல புகைஞ்சு பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும்.

பெட்ரோல் டேங்க் இன்னொரு கூத்து, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு ரெண்டு பக்கமும் குதிரை சேணம் மாதிரி தொங்கும், பெட்ரோல் கம்மியா இருக்கும்போது நீளமான வளைவுல எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கி என்ஜின் இருமும். எடை குறையட்டும்னு கால் டேங்க்ல போயி புத்திசாலித்தனம் காட்டாதீங்க.

என் பெரிய தப்பு கியர்ல. கியர் லிவர் புஷ் தேஞ்சு ஆடிட்டு இருந்தது எனக்கு நல்லா தெரியும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். நேர் கோட்டுல நாலாவதுல 6,000ஐ தாண்டி போயிட்டு இருக்கும்போது அஞ்சு போடுறேன்னு மூணுல தள்ளிட்டேன், முள்ளு சிவப்பையும் தாண்டி எகிறுச்சு, டக்குனு ஒரு சத்தம், அப்புறம் அஞ்சு சிலிண்டர்ல மட்டும் நொண்டிட்டு பிட்டுக்கு வந்து சேர்ந்தேன். கவரை எடுத்தா ஒரு ராக்கர் ரெண்டா உடைஞ்சு கிடக்கு. எம்20ல ஃப்யூஸ் மாதிரி முதல்ல போறது ராக்கர் தான், அதனால பிஸ்டன், வால்வு எல்லாம் தப்பிச்சுது. ஹெட்டை எறக்கி கேம்ஷாஃப்ட் உருவி ஒரு வாரம் வேலை, ஆனா இதே தப்பை வேற என்ஜின்ல பண்ணியிருந்தா புது என்ஜின் தேடியிருப்பேன். அந்த புஷ் ஒரு தீப்பெட்டி சைஸ் கூட இருக்காது. இதுல எந்த ஓனரையும் திட்ட முடியல.

யாருக்கு இது செட் ஆகும்னு கேட்டா, ஞாயித்துக்கிழமை முழுக்க கார் அடியில படுத்திருக்குறது வேலையா தெரியாம லீவா தெரியுறவங்களுக்கு. சாவிய போட்டா ஓடணும்னு எதிர்பாக்குறவங்க வேற ஏதாவது பாருங்க, சத்தியமா. அப்புறம் ஒரே காரை பளபளன்னு ரெஸ்டோர் பண்ணி அதையே ரேஸும் ஓட்டணும்னு ஆசைப்படாதீங்க, பெயின்ட்ல முதல் கல்லு பட்ட அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல. இப்போ முன்பக்கம் முழுக்க புள்ளி புள்ளியா இருக்கு, பழகிடுச்சு.

போன ரேஸுக்கு முன்னாடி ஸ்க்ரூட்டினி, அதாவது ரேஸ் அதிகாரிங்க வண்டிய செக் பண்றது. ஹார்னஸ் பெல்ட்ல எஃப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) லேபிள் காலாவதி ஆகலையான்னு பாத்தாங்க, கூண்டு வெல்டிங்கை தட்டி பாத்தாங்க, கில் ஸ்விட்ச் அமுக்கி பாத்தாங்க, எல்லாம் ஓகே. கடைசில செக் பண்ணவங்கள்ல ஒரு பெரியவர் டேஷ்போர்டுக்கு கீழ டார்ச் அடிச்சு ஒரு நீல ஒயரை விரலால இழுத்தாரு. ஆயில் பிரஷர் கேஜுக்கு நான் போட்ட ஒயர் தான், ரெண்டாவது வருஷம், ஒரு நைட்டு அவசரத்துல, மறுநாள் ஒழுங்கா பண்ணிக்கலாம்னு முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டது. டேப் பசை உருகி அவரு விரல்ல ஒட்டிக்கிச்சு.

"யாருப்பா இந்த வேலைய பண்ணது?"ன்னாரு.

"முந்தின ஓனர் சார்"ன்னேன்.