ஆபத்துக் காலப் பயிற்சியைப் பொம்மலாட்டத்தால் கற்பிக்கும் ரங்கூன் குழு: ஒரு மதிப்புரை

ரங்கூனில் தமிழ் வகுப்பு நடக்கும் கோயில் மண்டபங்களுக்கும் சிறு பள்ளிகளுக்கும் நேரில் வந்து, நிலநடுக்கம், புயல், தீ ஆகியவற்றின்போது பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொம்மலாட்டத்தாலும் ஓவியத்தாலும் கற்பிக்கும் ஒரு சிறு குழுவை எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு அழைத்திருந்தோம். முதலில் ஒரு மணி நேர ஆட்டம். அதன்பின் பிள்ளைகளே பொம்மை செய்து, படம் வரைந்து, பழகிப் பார்க்கும் பட்டறை. ஆட்டத்தை மட்டும் தனியாகவும் கேட்டுப் பெறலாம். அப்படிப் பெறுவது வீண் என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சி நமக்கு எவ்வளவு அவசியம் என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2025 மார்ச் 28 அன்று நண்பகல் கடந்தவுடன் மாண்டலேப் பகுதியைச் சிதைத்த 7.7 அளவு நிலநடுக்கத்தின் அதிர்வு ரங்கூன் வரை வந்தது. அதற்குக் காரணமான சகாயிங் நிலப்பிளவு வடக்கிலிருந்து தெற்காக நாட்டின் ஊடே ஓடி, ரங்கூனுக்கு வடகிழக்கே உள்ள பெகு நகரின் அருகாகச் செல்கிறது. 1930 மே மாதத்தில் பெகுவில் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டு, ஷ்வேமோதோ பகோடாவையும் சரித்த நிலநடுக்கம் இதே பிளவில் எழுந்ததுதான். ஐராவதிக் கழிமுகத்தில் 2008 மே மாதம் நர்கிஸ் புயலிலும் அதனோடு ஏறி வந்த கடல்நீரிலும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேரை இழந்தோம். இத்தனைக்குப் பிறகும் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது "ஆடினால் வெளியே ஓடு" என்ற ஒரே வாக்கியம்தான். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் ஆறாம் மாடியில் வாழும் பிள்ளை, தரை ஆடிக்கொண்டிருக்கும்போதே குறுகிய படிக்கட்டில் இறங்கி ஓடுவதைப் போல ஆபத்தானது வேறில்லை.

ஆட்டத்தின் நாயகி, வெள்ளைச் சட்டையும் பச்சை லோஞ்சியுமாகப் பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுமிப் பாவை. மரபான பர்மிய நூற்பாவைகளைப் போலவே குமிழ மரத்தில் செதுக்கப்பட்டது. நிலநடுக்கக் காட்சியில் ஆட்டுபவர் நூல்களை ஒரே நொடியில் தளர்த்த, பாவை முழங்காலும் கையும் தரையில் ஊன்றும்படி விழுகிறது. பின் தவழ்ந்து மேசைக்கடியில் புகுந்து, ஒரு கையால் தலையையும் கழுத்தையும் மறைத்து, மறு கையால் மேசையின் காலைப் பற்றிக்கொள்கிறது. மேசை நகரும்போது பாவையும் அதோடு நகர்வதைத் தனியாக ஒருமுறை காட்டுகிறார்கள்; மேசைக்காலை ஏன் விடக் கூடாது என்பது அதைப் பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது. தாழ்வது, மறைவது, பற்றுவது என்னும் மூன்று செயல்களையும் சுவரொட்டிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக எங்கும் கண்டதில்லை.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் பார்வையாளர்களாகவே இருந்தார்கள். பட்டறையில்தான் கேள்விகள் பிறந்தன. அட்டை, மூங்கில் குச்சி, தையல் நூல், பழைய துணி ஆகியவற்றால் ஆளுக்கொரு பொம்மை செய்து முடித்ததும், அதைத் தம் வீட்டுக்குள் கொண்டுபோவதாக எண்ணி வீட்டின் படத்தை வரையச் சொன்னார்கள். விழக்கூடிய பொருள்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்ட வேண்டும். அலமாரி, தொலைக்காட்சி, தண்ணீர்ப் பீப்பாய், சன்னல் கண்ணாடி, சாமி படங்களும் விளக்கும் வைத்திருக்கும் உயரப் பலகை எனச் சிவப்பு கூடிக்கொண்டே போனது. அப்போதுதான் ஒரு சிறுவன், தன் வீட்டில் இருப்பது சுற்றி அமர்ந்து சாப்பிடும் தாழ்வான வட்ட மேசை மட்டுமே, அதனடியில் பொம்மை நுழையும், தான் நுழைய முடியாதே என்று கேட்டான். இந்த ஊரில் பல வீடுகளின் நிலை அதுதான். மேசை இல்லாவிட்டால் கண்ணாடிக்கும் அலமாரிக்கும் விலகி, உட்புறச் சுவரை ஒட்டிக் குனிந்து, இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும் என்று குழுவினர் விளக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தில் அந்த இடத்தைக் குறிக்கும்வரை காத்திருந்தார்கள். ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் அந்தச் சிறுவன் இல்லாத மேசையைத் தேடுவதற்குத்தான் பழகியிருப்பான்.

புயல் பகுதியும் வண்ணங்களால் நன்றாக அமைந்தது. வானிலைத் துறை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவிக்கும் ஐந்து நிறங்களைப் பிள்ளைகள் கொடிகளாகச் செய்தார்கள். வங்கக் கடலில் புயல் உருவானால் மஞ்சள், நம் கரையை நோக்கி நகர்ந்தால் ஆரஞ்சு, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கரையேறும் என்றால் சிவப்பு, கரையைக் கடக்கும்போது பழுப்பு, ஆபத்து நீங்கியதும் பச்சை. காற்று சற்று ஓய்ந்தவுடன் பழுப்புக் கொடியோடு வெளியே வந்த பொம்மைகளை ஆசிரியை திருப்பி அனுப்பியது மிகச் சரியான பாடம். புயலின் கண் கடக்கும்போது வரும் அமைதியை நம்பி வெளியேறுபவர்களைத்தான் எதிர்த்திசைக் காற்று வந்து தாக்குகிறது. தீ பற்றிய பகுதி சுருக்கமானது. புகைக்குக் கீழே தவழ்வது, ஆடையில் தீப்பிடித்தால் நின்று, விழுந்து, உருள்வது ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கத்தைப் பர்மிய மேடைக்குரிய அரக்கப் பாவையாகக் காட்டியது எனக்கு உடன்பாடில்லை. 2025இன் அதிர்வை நினைவில் வைத்திருக்கும் சிறு பிள்ளைகள் அரக்கனைக் கண்டு அஞ்சினார்கள். அரக்கன் தோற்று ஓடியதும், இனி அது வராது என்று சிலர் நம்பிவிட்டார்கள். பூமி ஆடுவதற்குப் பகைவன் தேவையில்லை. நிலத்தடிப் பாறைகள் நகர்வதை இரண்டு அட்டைத் துண்டுகளால் காட்டினாலே போதும். இரண்டாவதாக, முதல் அதிர்வுக்குப் பின் தொடர்ந்து வரும் அதிர்வுகளைப் பற்றி ஆட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. வெளியேறிய பிள்ளை புத்தகப் பையை எடுக்கத் திரும்பி உள்ளே போகக் கூடாது என்பதை நாங்கள்தான் கேட்டுச் சேர்க்கச் செய்தோம். கதையாடல் தமிழில் இருந்தது பாட்டிமார்களுக்கும் மகிழ்ச்சி அளித்தது; ஆயினும் பள்ளியில் ஆசிரியர் பர்மிய மொழியில்தான் குரல் கொடுப்பார் என்பதால், கட்டளைகளை இரு மொழியிலும் சொல்லிப் பழக்க வேண்டும்.

அழைக்க விரும்புபவர்கள் பட்டறையோடு சேர்த்தே கேளுங்கள். ஒரு குழுவுக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், பெற்றோரையும் உடன் அமரச் செய்யுங்கள். தீயணைப்புக்கு 191, ஆம்புலன்சுக்கு 192, காவல்துறைக்கு 199 ஆகிய எண்களைப் பொம்மையின் முதுகில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் நிகழ்ச்சியில் அது விடுபட்டுப் போயிற்று. கோடைப் புயல்கள் ஏப்ரல், மே மாதங்களில்தான் கரையேறுகின்றன. பள்ளிகள் திறப்பதோ ஜூன் மாதம். ஆகவே மார்ச் மாதத்திலேயே, விடுமுறை வகுப்புகள் தொடங்கும்போதே, தேதியைக் கேட்டு உறுதிசெய்து கொள்ளுங்கள்.