மண்ணடியில் வாங்கிய சேஃப்டி ஹெல்மெட், ஆறு மாதம் போட்ட பிறகு

போன வருஷம் தண்டையார்பேட்டை சைட்டில் கப்பியில் ஏறிக்கொண்டிருந்த பக்கெட்டிலிருந்து ஒரு செங்கல் நழுவி எங்கள் பையன் ஒருவனின் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்து மூன்று மாதம் வேலைக்கு வர முடியவில்லை. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் தலைதான். அதற்கப்புறம்தான் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கடைக்குப் போய்ப் பன்னிரண்டு ஹெல்மெட் எடுத்தேன், முன்னாடியே செய்திருக்க வேண்டும்.

கடைக்காரர் பொறுமைசாலி. "வெளியே பாக்காதீங்க மேஸ்திரி, உள்ளே பாருங்க" என்று கவிழ்த்துக் காட்டினார். உள்ளே நாடாப் பட்டைகள் தொட்டில் மாதிரி தொங்குகின்றன, அதற்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் அடியை வாங்கிக்கொள்கிறது, அதனால் அந்த இடத்தில் பீடிக்கட்டு, கைக்குட்டை எதையும் செருகக் கூடாதாம். ஐஎஸ் 2925 என்கிற, இந்த வகை ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர முத்திரையும் தயாரித்த வருஷமும் அச்சாகியிருந்தன. பிளாட்பாரத்தில் விற்கிற மலிவான சரக்கில் பட்டையை ஒரு இழு இழுத்தாலே கையோடு வந்துவிட்டது.

பின்னால் திருகி இறுக்குகிற ராட்செட் அருமை. தாடைப் பட்டையின் கொக்கி மட்டும் இரண்டில் உடைந்துவிட்டது. மே மாத வெயிலில் நெற்றிப் பட்டை வியர்வையில் ஊறி நாறும், கழற்றித் துவைக்க முடிகிறது, சரி.

ஆனால் சித்தாள் அக்காக்களுக்கு இது உதவவில்லை. சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி தூக்குகிற தலையில் ஹெல்மெட் எங்கே உட்காரும்? கப்பிக்குக் கீழே அதிகம் நடப்பவர்களே அவர்கள்தான். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற கல் கீழே வரும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும், ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை விழுந்தால் எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது. அதனால் கப்பியைச் சுற்றிச் சவுக்குக் கட்டை கட்டி வழியையே அடைத்துவிட்டோம், பக்கெட்டில் விளிம்புக்கு மேல் கல் அடுக்குவதில்லை, சட்டிக்குப் பதில் தள்ளுவண்டி. இவ்வளவும் செய்துவிட்டு ஹெல்மெட் வாங்குங்கள்.

போன மாதம் கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த சென்ட்ரிங்கைப் பிரிக்கும்போது ஒரு கட்டை ஒருவன் தலையில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, ஹெல்மெட்டிலும் கீறல் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை அடி வாங்கினால் வெளியே தெரியாவிட்டாலும் தூக்கிப் போட வேண்டும் என்று கடைக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாதென்று ஆக்சா பிளேடால் இரண்டாக அறுத்துப் போட்டேன்.