நாலு பாட்டிலைப் பார்த்துவிட்டு இன்ஜெக்டரைத் தொடாமல் விட்ட மெக்கானிக்

எங்கள் ஸ்கார்ப்பியோ 2010 மாடல், 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல். அப்பா வாங்கியது, அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். உடுமலைப்பேட்டை பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருப்பதால் பின்சீட்டை மடக்கிவிட்டுத் தென்னங்கன்றும் மிளகாய் நாற்றும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, பல்லடம், தாராபுரம் என்று மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடிவிடும். போன வருடம் 15 ஆண்டு முடிந்து, ஆர்.சி.யைப் புதுப்பித்து இன்னும் 5 வருடம் வாங்கியாச்சு. அதனால் "வித்துட்டு வேற வாங்குங்க" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

அப்பா டேஷ்போர்டில் ஒரு டீசல் நோட்டு வைத்திருந்தார். தேதி, மீட்டர், லிட்டர், அவ்வளவுதான். முதல் இரண்டு வருடப் பக்கங்களில் மைலேஜ் 12-ஐ ஒட்டியே நிற்கிறது. நானும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒரே பங்க், ஒரே பம்பு, நாசில் தானாக நிற்கும் வரை டீசல். அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுப்பேன். மூன்று வருடமாக எண் இறங்கிக்கொண்டே வந்து, போன ஆடியில் 8.6. டீசல் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது இதை நோட்டில் எழுதவே கை கூசியது.

அதற்குள் நான் செய்த அசட்டுத்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். டீசல் குழாயில் மாட்டினால் மைலேஜ் ஏறும் என்று ஆன்லைனில் ஒரு காந்தம் வாங்கினேன், 1,800 ரூபாய். நான்கு டேங்க் ஓட்டியும் நோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது அது ஃப்ரிட்ஜ் கதவில் மளிகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. அப்புறம் டேங்கில் ஊற்றுகிற ஒரு திரவம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து கோவையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். மைலேஜ் குறைவு என்று சொன்ன உடனே, வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணிப் பார்க்காமல், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாலு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டும், காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று 70,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். கூடவே "சார் வரலீங்களா?" என்ற கேள்வி. நான்தானப்பா சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

கிணத்துக்கடவுக்கு அப்பால் சாலையோரம் இருக்கும் இந்தப் பட்டறையைச் சொன்னது எங்களுக்கு உரம் கொண்டுவரும் டெம்போக்காரர். பெயரைப் போட வேண்டாம் என்று பட்டறை நடத்தும் மெக்கானிக் தம்பியே கேட்டுக்கொண்டார். வேலைக்கு இரண்டே பேர்; இப்போதே வாசலில் ஐந்து வண்டி நிற்கிறது. தகரக் கொட்டகை, முன்னால் ஒரு வேப்பமரம். டீசல் வண்டி மட்டும்தான் பார்ப்பார்.

இன்ஜெக்டர் மாற்றச் சொன்ன கதையைச் சொன்னேன். "இருங்க அக்கா, எதுக்கு அவசரம்? மொதல்ல அளந்து பாத்தர்லாம்" என்றார். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய டியூபை மாட்டி, அடியில் கோடு போட்ட நான்கு சின்ன பாட்டில்களைத் தொங்கவிட்டார். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றுகிற மாதிரிதான் இருந்தது, தலைகீழாக. இன்ஜினை ஓடவிட்டுக் கைப்பேசியில் நேரம் வைத்தார். தேய்ந்த இன்ஜெக்டர் என்றால் சிலிண்டருக்குப் போக வேண்டிய டீசல் அதிகமாகத் திரும்பி வந்து அந்த பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையுமாம். நின்று பார்த்தேன். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றது. "இதுல கைய வெக்கற வேலை இல்லீங்க" என்று கழற்றி வைத்துவிட்டார். 70,000 ரூபாய் எஸ்டிமேட்டுக்குப் பதில் இந்தச் சோதனைக்கு 600 ரூபாய்.

அப்புறம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி, என்னையே பொள்ளாச்சிப் பக்கம் ஓட்டச் சொன்னார். பத்து நிமிடம் ஓடிய பிறகும் கூலன்ட், அதாவது இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூடு 64 டிகிரியைத் தாண்டவில்லை. சூடு முள் எப்போதும் கீழேயே கிடக்கும். வண்டி சூடாகாமல் ஓடுவது நல்லதுதானே என்று இத்தனை நாள் சந்தோஷப்பட்டிருந்தேன்! திரும்பி வந்து ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் வால்பாறை ஏறும்போது வண்டி கொதித்துவிட்டது. இறங்கி வந்ததும் ஒரு மெக்கானிக் ஏதோ ஒரு வால்வை எடுத்துப் போட்டுவிட்டு, "இனிமே ஹீட்டே ஆகாதுங்க" என்றார். ஆகவில்லைதான். தண்ணீர் 80 டிகிரியை ஒட்டிச் சூடாகிற வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கிற கதவுதான் தெர்மோஸ்டாட்; அவர் எடுத்துப் போட்ட வால்வு அதுதான். அது இல்லாவிட்டால் இன்ஜின் எந்நேரமும் மார்கழி விடியற்காலையிலேயே இருக்கிறது. இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் டீசலைக் கூடுதலாக விடுகிறது. கொதித்ததற்கு உண்மையான காரணம் ரேடியேட்டர் இடுக்குகளில் அடைத்திருந்த மண்ணும் பூச்சியும். தம்பி அதைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுப் புது தெர்மோஸ்டாட் போட்டார்.

அதோடு முடியவில்லை. ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்துப் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். முன் இடது சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை, தோசைக்கல் மாதிரி அனல். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் வலது சக்கரம் இரண்டு சுற்று போகிறது, இடது அரைச் சுற்றில் நிற்கிறது. பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கிற காலிப்பரின் பின் துருப்பிடித்து இறுகி, பிரேக் பேட் எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை நாளும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஓட்டியிருக்கிறேன். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸில், அடிப்பக்கத்திலும் ஒரு விரிசல். சோப்புத் தண்ணீர் தெளித்துக் காற்று அடித்ததும் நுரை கிளம்பியது. மேட்டில் கறுப்புப் புகை வந்ததற்கு அதுதான் காரணம்.

டயர் விஷயம்தான் எனக்குப் புதுசு. போன முறை மாற்றும்போது கம்பெனி சைஸைவிடக் கொஞ்சம் பெரியதாகப் போட்டுவிட்டேன், பார்க்க நன்றாக இருக்கிறது என்று. பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. ஜி.பி.எஸ். 100 கிலோமீட்டர் காட்டியபோது என் மீட்டர் 97 காட்டியது. ஆக நோட்டில் இருந்த 8.6 உண்மையில் 8.9-ஐ ஒட்டி வரும். கீழே சொல்கிற கணக்கை மட்டும் பழைய முறைப்படி, மீட்டரை வைத்தே போட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

தெர்மோஸ்டாட், ஹோஸ், காலிப்பர் கிட், கூலன்ட், வீல் அலைன்மென்ட், கூலி எல்லாம் சேர்த்து 10,850 ரூபாய். அதன் பிறகு ஐந்து டேங்க் ஓட்டியாச்சு: 10.4, 10.9, 11.2, 11.0, 11.1. அப்பாவின் 12 வரவில்லை. மேலே இரும்பு கேரியர் இருக்கிற வரை வராது என்று தம்பி சொல்லிவிட்டார். காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு போகிறதாம். ஏற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் நான் கழற்றவில்லை. இருந்தாலும் மாதம் 39 லிட்டர் மிச்சம், ஏறக்குறைய 3,500 ரூபாய். பட்டறைக்குக் கொடுத்த பணம் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியதும் திரும்பி வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. வியாழக்கிழமை தருகிறேன் என்ற வண்டி சனிக்கிழமை சாயங்காலம்தான் கிடைத்தது. நடுவில் ஆறு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. பில் கேட்டால் ஆயில் டப்பா அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறார். டிரைவர் சீட்டில் கிரீஸ் கறை. பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது; எதிரே இருக்கும் பேக்கரியில் கெஞ்ச வேண்டும், அதற்காகவே இரண்டு டீ குடிக்க வேண்டியதாகிவிட்டது. கழற்றிய பழைய பாகங்களை மட்டும் கேட்காமலேயே ஒரு கவரில் போட்டுப் பின்சீட்டில் வைத்திருந்தார். மொத்தத்தில் 5-க்கு 4 கொடுப்பேன்.

போன வாரம் வால்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மரக்கன்று கொண்டுபோனேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, வண்டி நிறைய லோடு, ஏசி வேறு. ஒவ்வொரு வளைவிலும் கண் ரோட்டில் பாதி, முள்ளில் பாதி. சூடு முள் நடுவில் போய் நின்றது. மேலே போகும் வரை அங்கிருந்து அசையவில்லை.