நிலைக்கண்ணாடி மாட்ட: கம்பியா, கொக்கியா, சாய்வுக் கட்டையா?

எங்கள் ரங்கூன் வீட்டு நிலைக்கண்ணாடி மூன்றடிக்கு ஐந்தடி. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, மில்லிமீட்டர் கனத்துக்கு 2.5 கிலோ இருக்கும். எங்களுடையது 5 மில்லிமீட்டர் கனம், ஆக கண்ணாடி மட்டும் 17 கிலோ. தேக்குச் சட்டத்தோடு 25 கிலோ, அதாவது 15 வீசைக்கு மேல். இதை எங்கள் வீட்டில் பல வருடம் ஒரே ஆணியில் மாட்டி வைத்திருந்தோம்.

பின்பக்கம் கம்பி கட்டி ஆணியில் மாட்டுவது சுலபம்தான், கோணலாக இருந்தால் கையாலேயே நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் கம்பியை இறுக்கிக் கட்டக் கட்ட அதன் மேல் இழுவை கூடும். கம்பி படுக்கைவாட்டிலிருந்து 30 பாகை சாய்வில் இருந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியே முழு எடையையும் இழுக்கும். 15 பாகையானால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஆணி சாய்ந்திருப்பதைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினோம். ஆணி விரலோடு வந்துவிட்டது. ஓட்டைக்குள் சுண்ணாம்புப் பூச்சு மாவாகக் கிடந்தது, செங்கல்லை ஆணி தொடவே இல்லை. பெரிய கண்ணாடிக்குக் கம்பி வேண்டவே வேண்டாம்.

சட்டத்தின் இரண்டு பக்கமும் வளையம் வைத்து, சுவரில் இரண்டு திருகாணிக் கொக்கியில் மாட்டுவது அதைவிட எவ்வளவோ மேல். எடை பாதிப் பாதியாக நேர் கீழே இறங்கும். சிக்கல் என்னவென்றால், இரண்டு ஓட்டையும் ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். ரசமட்டம் வைத்துக் குறித்தாலும், பழைய கட்டடத்தில் குறித்த இடத்தில் செங்கல் கிடைக்குமா என்பது வேறு விஷயம். துளை போடும்போது விழும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். வெள்ளையாகவே உதிர்ந்துகொண்டிருந்தால் பூச்சு அல்லது இடைச்சாந்து, அங்கே திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் நிற்காது.

அதனால்தான் நான் சாய்வுக் கட்டைக்கு வந்தேன். ஒரு அங்குலத் தேக்குப் பலகையைத் தச்சரிடம் கொடுத்து நீளவாக்கில் 45 பாகையில் அறுக்கச் சொன்னால் இரண்டு கட்டை கிடைக்கும். ஒன்று சுவரில், மற்றது கண்ணாடிச் சட்டத்தின் முதுகில். ஒன்றின் மேல் ஒன்று கவ்வி உட்காரும். சுவர்க் கட்டைக்கு ஐந்து திருகாணி போட்டோம், எல்லாம் சிவப்புத் தூள் வந்த இடத்தில். கட்டை ஒரு அங்குலம், பூச்சு அரை அங்குலம், அதற்கப்புறம் செங்கல்லுக்குள் ஒன்றரை அங்குலமாவது போக வேண்டும் என்பதால் மூன்று அங்குலத் திருகாணி. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து டிரில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கமும் அதே கனத்தில் ஒரு துண்டு வைத்தால் கண்ணாடி நேராக நிற்கும், பின்னால் காற்றும் போகும். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் ரசம் சீக்கிரம் போகாமல் இருக்க இந்த இடைவெளி உதவும்.

இதற்கும் ஒரு குறை உண்டு. 2025 மார்ச் 28 அன்று சகைங், மண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி குலுங்கியதை யாரும் மறக்கவில்லை. மேலே தூக்கிப்போட்டால் கட்டை கவ்வலை விட்டுக் கழன்றுவிடலாம். சட்டத்தின் கீழ்விளிம்பில் இரண்டு எல் பட்டை வைத்துச் சுவரோடு முடுக்கிவிடுங்கள். கொக்கி வைப்பவர்களும் வாய் மூடிய கொக்கியாக வாங்குங்கள்.

வாடகை வீட்டில் துளை போட விடமாட்டார்கள் என்றால் தரையில் சாய்த்து வைப்பதுதான் வழி. அப்போதும் மேல்பக்கம் ஒரு பட்டையாவது சுவரோடு கட்டியாக வேண்டும், அந்த ஒரு துளைக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். எப்படி மாட்டினாலும் சரி, கட்டிலின் தலைமாட்டில் மட்டும் மாட்டாதீர்கள்.