தகடா, இழையா? உலோக வேலையும் கார்பன் கூட்டுப்பொருளும்

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7, கார்பன் இழையைப் பிசினில் பதித்துச் செய்யும் கூட்டுப்பொருளுக்கு 1.6 அளவில்தான். இந்த எண்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுபவர்கள் உண்டு. உலோகத்துக்கும் கூட்டுப்பொருளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு எடையில் இல்லை என்பது என் கருத்து. உலோகத் தகட்டின் வலிமை ஆலையிலேயே சோதிக்கப்பட்டுச் சான்றிதழோடு பட்டறைக்கு வருகிறது. வெட்டுவதும் வளைப்பதும் பற்றவைப்பதும்தான் மீதி வேலை. கூட்டுப்பொருளிலோ உறுப்பு உருவாகும் அதே நேரத்தில்தான் பொருளே உருவாகிறது. ஆகவே இழை எந்தத் திசையில் கிடக்கிறது, அடுக்குகளுக்கிடையே காற்று சிக்கியதா, பிசின் முழுமையாக இறுகியதா என்பவை அனைத்தும் செய்பவரின் பொறுப்பாகிவிடுகின்றன.

அந்தப் பொறுப்புக்குச் செலவு அதிகம். பிசின் ஊறிய இழைத்துணியை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்த நொடியிலிருந்து அதன் ஆயுள் கரையத் தொடங்கும். பிறகு அதை அச்சில் அடுக்கி, வெற்றிடப் பையால் மூடி, ஆட்டோகிளேவ் என்னும் மூடிய அழுத்தச் சூளையில் மணிக்கணக்கில் சூடாக்க வேண்டும். விமானத்துக்கான பிசின்கள் பலவற்றுக்கு வெப்பநிலை 180 டிகிரி வரை செல்லும்.

2011-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787-இன் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ பாதி கூட்டுப்பொருள்தான். உடற்பகுதியைப் பெரிய உருளைகளாக உருவாக்கியதால், தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகள் பெருமளவு குறைந்தன. ஆனால் கார்பன் இழை ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதால், விலை அதிகமான டைட்டானியத்தைப் பல இடங்களில் சேர்க்க வேண்டியிருந்தது. துருப்பிடிக்காத பொருள் பக்கத்திலிருப்பதை அரிக்கிறது! எதிர்த்திசையில் சென்றது விண்வெளி நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ்: தன் ஸ்டார்ஷிப் ராக்கெட்டுக்குத் திட்டமிட்டிருந்த கார்பன் இழையைக் கைவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. கடுங்குளிரில் அந்த எஃகின் வலிமை கூடுகிறது, வெப்பத்தையும் பிசினைவிட அதிகம் தாங்குகிறது, தொடக்க மாதிரியைத் திறந்தவெளியிலேயே பற்றவைக்கவும் முடிந்தது.

பழுது என்று வரும்போது வேறுபாடு கண்ணெதிரே தெரியும். கைநழுவிய ஸ்பேனர் அலுமினியத் தகட்டில் விழுந்தால் குழி விழும். அதன் ஆழத்தை அளந்து முடிவெடுக்கலாம். கார்பன் பலகையில் விழுந்தால் மேற்பரப்பில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்கள்: நல்ல இடத்தில் ஓசை கணீரென்று கேட்கும், பிரிந்த இடத்தில் மந்தமாகும். ஐயம் இருந்தால் மீயொலிச் சோதனை. பிறகு சேதமான அடுக்குகளைச் சரிவாகத் தேய்த்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் புதிய துணியை அதே இழைத் திசையில் ஒட்டி, மீண்டும் சூடாக்கி இறுக்க வேண்டும்.

மோதலும் கீறலும் அன்றாடமாக இருக்கும் சரக்கு வண்டியின் அடிச்சட்டத்துக்கு நான் எஃகைத்தான் தேர்வேன். காற்றாலை இறக்கைக்கு இழைதான், அதில் ஐயமில்லை. ஆனால் இறுகிய பிசினை எஃகைப்போல் உருக்கி மறுபடி வார்க்க முடியாது என்பதால், ஓய்வுபெற்ற இறக்கையை என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.