இத்தாலிய ராப் நையாண்டி வீடியோக்கள்: பல வருடம் பார்த்தபின்

இத்தாலிய ராப் வீடியோ ஒன்றைப் பார்த்தால் மற்றதை ஊகித்துவிடலாம். புறநகர் அடுக்குமாடி வாசலில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு கூட்டம், நடுவில் பாடுபவர், பக்கத்தில் சொகுசுக் கார், பீய்ச்சியடிக்க ஷாம்பெயின். கோடை வந்தால் அதே கூட்டம் கடற்கரைக்குக் குடிபெயரும். இந்தப் பந்தாவைக் கிண்டலடித்து வந்தவற்றில் எது நாள்பட நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

மிலான்காரர் ஃபாபியோ ரொவாட்ஸி 2016-இல் விட்ட 'அந்தியாமோ அ கொமந்தாரே' முதலில் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தது. ரிங் ரோட்டில் டிராக்டர், கிளப்புக்குள் வீட்டுச் செருப்பு, ஷாம்பெயினுக்குப் பதில் மினரல் வாட்டர். அவர் தன்னைப் பாடகர் என்றே சொல்லிக்கொள்ளவில்லை, வீடியோ எடுப்பவர். ஆனால் ஃபெதெஸ், ஜே-ஆக்ஸ் என்ற இரண்டு பிரபல ராப்பர்கள் நடத்திய இசை வெளியீட்டு நிறுவனத்தில் வந்த பாட்டு அது. ஸ்ட்ரீமிங்கை மட்டும் வைத்தே கோல்டு சான்று (விற்பனை அளவுக்குத் தரப்படும் அங்கீகாரம்) வாங்கிய முதல் இத்தாலியப் பாட்டும் அதுதான். கேலி செய்ய வந்தது அந்தக் கோடையின் ஹிட்டாகிவிட்டது. அடுத்த வருடம் மூத்த பாடகர் ஜான்னி மொராந்தியோடு ஜோடிப் பாட்டு. இப்போது போட்டால் டிராக்டர் வருவதற்குள் கை அடுத்ததைத் தேடுகிறது.

தேயாமல் இருப்பது கபரெட்ஸா. புலியா மாநிலத்து மொல்ஃபெத்தாக்காரர். அவருடைய 2008 பாட்டு 'வியெனி அ பல்லாரே இன் புலியா', அதாவது எங்கள் ஊருக்கு ஆட வாருங்கள் என்ற அழைப்பு. மெட்டு அசல் திருவிழாக் குத்து. வரிகளைக் கவனித்தால், கிரேன் பக்கம் போகும்போது தலையை நிமிர்த்தியே வை, அது கழன்று மேலே விழலாம் என்கிறார். வேலையிடச் சாவுகள், காட்டுத்தீ, அதே மாநிலத்துத் தாரந்தோ நகர உருக்காலையின் புகை எல்லாம் சுற்றுலா விளம்பரக் குரலில் வருகின்றன. ஜனங்கள் அதற்கும் கோடைக்குக் கோடை ஆடுகிறார்கள்! கட்டாயக் குதூகலத்தைத் திட்டி 2003-இல் அவர் பாடிய பாட்டும் டிஸ்கோக்களில்தான் ஓடியது. ஆடினால் ஆடட்டும், அந்தக் கிரேன் வரி எனக்கு இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

பெல்லோ ஃபீகோ வேறு ரகம். கானாவில் பிறந்து பார்மாவில் வளர்ந்தவர். வாடகை கட்ட மாட்டேன், வைஃபை கொடு என்று 2016-இல் பாடினார். அகதிகளைப் பற்றி டீக்கடைப் பேச்சில் அடிபடும் புகாரையெல்லாம் எடுத்துத் தன் வாயாலேயே பெருமையடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த டிசம்பரில் டிவி விவாதத்துக்குக் கூப்பிட்டு, முசோலினியின் பேத்தி உட்படப் பலர் அவர்மேல் பாய்ந்தார்கள். எனக்கு அந்த விவாதம் பாட்டைவிடப் பிடிக்கும். பாட்டு இரண்டு தடவைக்குத் தாங்கும்.

இத்தாலியன் தெரியாதவர்கள் கபரெட்ஸாவுக்கு மட்டும் வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரொவாட்ஸிக்கு அது வேண்டாம், அதுதான் அவருடைய குறையும். அப்புறம், பெல்லோ ஃபீகோவைப் பிள்ளைகள் கூட இருக்கும்போது போடாதீர்கள்.